தோட்டத்துச் செண்டுமல்லி விதையை ஒரு வருசம் கெடாம வைக்கணும், வழி சொல்லுங்க

லயத்துப்பொண்ணு (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியம்மா இன்னும் ரப்பர் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளர் வரிசை வீட்டுலதான்) இருக்காங்க. வருசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்னு நோட்டீஸ் வந்துருச்சு. புது வீட்டுச் சாவி கைக்கு வர இன்னும் ஒரு வருசம் ஆகும் போல. நடுவுல எங்களோட ஃபிளாட்ல தங்கப் போறாங்க. மூணாவது மாடி, துணி காயப்போடவே இடம் பத்தாது.

லயத்து வாசல்ல ஒரு பாத்தி செண்டுமல்லி நிக்குது. அடுக்கு இதழ், செங்காவி நிறம், இடுப்பு உயரம். பெரியம்மா ரப்பர் மரத்துல பால் வெட்டப் போன காலத்துலேர்ந்து அதே விதைதான் திரும்பத் திரும்ப விழுந்து முளைக்குதாம். கூடவே கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, வேலியில சங்குப்பூ. செடியைத் தூக்கிட்டு வர முடியாது, விதையாத்தான் கொண்டு வரணும்.

எப்பப் பறிக்கணும், எப்படி வைக்கணும்? இப்ப தினம் சாயங்காலம் மழை வேற கொட்டுது.

ஜினியாப்பையன் (ஈப்போ)

அக்கா, ஹார்ட்வேர் கடையில பாக்கெட் பாக்கெட்டா தொங்குது. எதுக்கு இந்தப் பாடு லா?

லயத்துப்பொண்ணு

அந்தப் பாக்கெட்டுல பெரியம்மா வீட்டுச் செண்டு இல்லையே தம்பி.

கொண்டைப்பூ (பாகான் செராய்)

தங்கச்சி, நான் அஞ்சடியில (கடை முன்னால இருக்குற நடைபாதையில) மாலை கட்டி விக்கிறவ. வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் செண்டும் கோழிக்கொண்டையும் போடுறேன், விதை நானேதான் எடுக்குறேன். முதல் வேலை என்ன தெரியுமா? உங்க பெரியம்மா தீபாவளிக்கு எல்லாப் பூவையும் கிள்ளிடுறதுக்கு முன்னால நல்ல செடியாப் பார்த்து சிவப்பு நூல் கட்டிடுங்க. பெரிய பூவா, நல்லா அடுக்கா இருக்குறதைத்தான் கட்டணும். அதுங்களைப் பறிக்க எல்லாருக்கும் கை துறுதுறுங்கும், விடாதீங்க. நல்ல பூவையெல்லாம் மாலைக்கு அறுத்துட்டு மிச்சம் நிக்கிற சோப்ளாங்கியில விதை எடுத்தா, அடுத்த பட்டம் பூராவும் சோப்ளாங்கியாத்தான் வரும். ஒரே செடியில எடுக்காதீங்க, நாலஞ்சு செடியில கலந்து எடுங்க. ஒத்தை இதழ்ப் பூ ஏதாவது நடுவுல எட்டிப் பார்த்தா உடனே பிடுங்கிடுங்க, தேனீ அதுலேர்ந்து இதுக்குப் போயிட்டு வந்தா அடுக்கு குறைஞ்சிடும்.

பறிக்கிற பக்குவம்: இதழ் காஞ்சு சுருண்டதும் பறிச்சிடக் கூடாது. பூவுக்கு அடியில பச்சையா ஒரு குப்பி இருக்குல்ல, அது பழுப்பு நிறமாகணும். வெயில் காலமா இருந்தா செடியிலேயே விட்டுடலாம். இப்ப மழை, விட்டா உள்ளுக்குள்ள பூஞ்சை பிடிச்சுக் கருத்துடும். அதனால குப்பி பாதி மஞ்சளானதும் ஒரு சாண் காம்போட வெட்டி, அடுப்படியில தலைகீழாத் தொங்க விடுங்க. காம்புல இருக்குற சத்தை வாங்கி விதை முத்திக்கும்.

விதைநெல் (தஞ்சாவூர்)

துலுக்கச் சாமந்திதானே? இதுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை சகோதரி. விதையை உதிர்த்து ரெண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். பிறகு மண்கலயத்தில் சாம்பல் கலந்து, வாயில் துணி கட்டி, பரணில் வையுங்கள். எங்கள் பாட்டி காலம் முதல் இப்படித்தான். அடுத்த ஆடிப்பட்டத்துக்கு எடுத்தால் முளைத்துவிடும். வேண்டுமானால் எங்கள் ஊர் விதையே ஒரு பொட்டலம் தபாலில் அனுப்புகிறேன்.

பழைய கிராணியார் (கோல கங்சார்)

தஞ்சாவூர் தம்பி சொல்வது தஞ்சாவூருக்குச் சரி. அங்கே கோடையில் காற்றே விதையை உலர்த்திவிடும். இங்கே பரணில் துணி கட்டி வைத்த கலயம் ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். தபாலில் அனுப்பும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 1976ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் என்று ஒன்று இங்கே இருக்கிறது. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பொட்டலத்தைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

மகளே, ஒரு வருடம் வைப்பது பெரிய காரியமில்லை. நம் நாட்டில் விதையைக் கொல்வது ஈரம்தான்; வயது அதற்கு அப்புறம். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் ஒரு கணக்கு சொன்னார். விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்கு. வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மறுபடி இரண்டு மடங்கு. அவரே இன்னொரு எளிய கணக்கும் வைத்திருக்கிறார்: ஃபாரன்ஹைட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் அடங்க வேண்டும். நம் வீட்டைப் பாருங்கள். 30 டிகிரி என்றால் ஃபாரன்ஹைட்டில் 86. ஈரப்பதம் 80 என்று வைத்தால் மொத்தம் 166. மேசை இழுப்பறையில் காகித உறைக்குள் போட்ட விதை சில மாதத்தில் செத்துவிடுவதற்கு இதுதான் காரணம். நன்றாகக் காய்ந்த விதையை இறுக்கி மூடிய போத்தலில் அடைத்து ஐஸ்பெட்டியில் வைத்தால், 4 டிகிரிக்கு 39, உள்ளே ஈரப்பதம் 30, மொத்தம் 69. அப்படி வைத்தால் செண்டுமல்லி இரண்டு மூன்று வருடம் தாங்கும்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் நாற்றுமேடைக் கணக்கு என் கையில் இருந்தது. பால்மரக் கொட்டைக்கு, அதாவது ரப்பர் விதைக்கு, நான் மேலே சொன்ன எதுவும் செல்லாது. அதைக் காயவைத்தால் செத்துப்போகும். விழுந்த சில நாளில் பொறுக்கி, ஈர மரத்தூளில் போட்டு, உடனே மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 70,000 கொட்டை கொண்டுபோனார். அங்கே கியூ தாவரத் தோட்டத்தில் 100க்கு 4 கூட முளைக்கவில்லை. மறு வருடம் 22 நாற்று சிங்கப்பூருக்கு வந்தது, அதில் 9 எங்கள் கோல கங்சாருக்கு வந்தது. நம் தாத்தா பாட்டி கப்பலேறியதே அந்த முளைத்த நாற்றுகளின் வம்சத்துக்குப் பால் வெட்டத்தான். செண்பக விதையும் ஏறக்குறைய அந்தச் சாதிதான். பழம் வெடித்தவுடன் போட்டுவிட வேண்டும். நல்ல வேளையாக உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் காயப் பொறுப்பவை.

கொண்டைப்பூ

கிராணியார் எதைத் தொட்டாலும் பால்மரத்துல கொண்டுபோய் நிறுத்திடுவார். 😄 ஆனா சொல்றது சரிதான்.

ஜினியாப்பையன்

சரி அங்கிள், காயவைக்கணும்னு சொல்றீங்க. இந்த மழையில எப்படிக் காயும்? ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் வாங்கணுமா? சப்பாத்துப் பெட்டியில வர்ற சின்னப் பாக்கெட் என்கிட்ட நிறைய இருக்கு.

பழைய கிராணியார்

சப்பாத்துப் பெட்டிப் பாக்கெட் உங்கள் கைக்கு வரும்போதே வயிறு நிறைந்திருக்கும். உருண்டையாக விற்கும் சிலிக்காவை வாங்குங்கள். நீல நிற உருண்டை ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும்; சமையல் ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள். விதை எவ்வளவு எடையோ அவ்வளவு எடை சிலிக்கா, ஒரு வாரம். அவ்வளவுதான்.

வாங்க மனமில்லையென்றால் அரிசி போதும். எண்ணெய் இல்லாமல் குவாலிச் சட்டியில் போட்டு, நிறம் மாறத் தொடங்கும் வரை வறுங்கள். கொஞ்சம் சூடு தணிந்ததும் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் பாதிக்குக் கொட்டி மூடிவிடுங்கள். முழுக்க ஆறியபின், மெல்லிய துணியில் கட்டிய விதைப் பொட்டலத்தை அதன் மேல் வைத்து மறுபடி மூடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு செண்டு விதையை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, அரிசியை மறுபடி வறுக்க வேண்டும். படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வறுக்காத அரிசியைப் போட்டால் ஒரு பயனுமில்லை, அதுவே ஈரத்தோடுதான் மூட்டையில் கிடக்கிறது.

வெயிலில் போடுவதாக இருந்தால் காலை வெயில், பாய் மேல். மத்தியானம் ஜிங்க் தகட்டின் மேல் போட்டால் சூட்டிலேயே கரு செத்துவிடும்.

விதைநெல்

ஐயா, சாம்பலை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே. வண்டு, பூச்சி வராமல் இருக்க அதைவிட என்ன இருக்கிறது?

பழைய கிராணியார்

தள்ளவில்லை தம்பி. பூச்சிக்குச் சாம்பல் நல்லதுதான். புதிதாகச் சலித்து, சூடாக்கி, ஆறவைத்த சாம்பலை மூடிய போத்தலுக்குள் போட்டால் கொஞ்சம் ஈரத்தையும் இழுக்கும். மூடாத கலயத்தில் போட்டால், வெளிக்காற்றின் ஈரத்தை விதைக்குக் கொண்டுவந்து கொடுப்பதே அந்தச் சாம்பல்தான். குறை கலயத்தின் வாயில் இருக்கிறது.

கொண்டைப்பூ

அந்த விசயத்துல மைலோ டின்னையும் சேர்த்துக்கோங்க. எல்லாரும் அதுலதான் போட்டு வைக்கிறாங்க. மூடி பிளாஸ்டிக், பாக்க இறுக்கமா இருக்கும், காத்து போயிட்டு வந்துக்கிட்டேதான் இருக்கும். பிஸ்கட்டை அதுல போட்டுவச்சா எத்தனை நாள்ல நமுக்குதுன்னு பாருங்க, விதைக்கும் அதே கதிதான். ஊறுகாய்ப் போத்தலைக் கழுவிக் காயவச்சு எடுத்துக்கோங்க.

லூனாஸ்காரன் (லூனாஸ்)

எனக்கு ஒரு சுலபமான வழி தெரியும். தீபாவளி முடிஞ்சதும் சாமி படத்துல போட்ட செண்டு மாலையைக் காயவச்சு, பிச்சுத் தொட்டியில தூவிட்டா முளைச்சிடும். வீடியோல பார்த்தேன். யாரும் செஞ்சு பார்த்திருக்கீங்களா?

கொண்டைப்பூ

தம்பி, மாலைக்குப் பறிக்கிற பூ விரிஞ்சு நாலு நாள்கூட ஆகாத பூ. விதை முத்தணும்னா பூ விரிஞ்சு ஒரு மாசமாவது செடியில நிக்கணும். மாலையில இருக்குறதைப் பிச்சுப் பாருங்க. நீளமா ஊசி ஊசியா வரும், ஆனா வெளுத்து, தட்டையா, நகத்தால அழுத்துனா உள்ள ஒண்ணுமே இருக்காது. நல்ல விதைன்னா கீழ்ப்பாதி கன்னங்கரேல்னு இருக்கும், மேல வைக்கோல் நிறத்துல குச்சம் நிக்கும், விரல்ல உருட்டுனா கெட்டியாத் தெரியும். நூறு பூவுல எங்கயாவது ஒரு கிழட்டுப் பூ மாலைக்குள்ள மாட்டியிருந்தா, அதுல நாலஞ்சு முளைக்கும். வீடியோக்காரர் அந்த நாலைத்தான் காட்டுவார்.

இன்னொண்ணும் இருக்கு. கடையில வர்ற செண்டு நிறைய கலப்பு ரகம். அதுல விதையே பிடிக்காத சாதியும் உண்டு.

ஜினியாப்பையன்

ஆமா, இது என் கேள்வி. போன வருசம் வாங்குன குட்டைச் செண்டு, பந்து பந்தாப் பூத்துச்சு. அதுல விதை எடுத்துப் போட்டா ஒண்ணு உயரமா, ஒண்ணு குட்டையா, ஒண்ணு ஒத்தை இதழ், ஒண்ணு மஞ்சள். பாக்கெட்டுல எஃப்1னு போட்டிருந்துச்சு.

பழைய கிராணியார்

எஃப்1 என்றால் இரண்டு வெவ்வேறு தூய வரிசையைச் சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறை. அது ஒரே மாதிரி நிற்கும். அதன் விதையில் தாத்தா பாட்டி குணமெல்லாம் கலைந்து வெளியே வரும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கும் இதே கதை. தேனெரா என்ற ரகம் டூரா, பிசிஃபெரா என்ற வேறு இரண்டு ரகங்களைச் சேர்த்துப் பெற்றது. விழுந்து கிடக்கும் தேனெராப் பழத்தின் கொட்டையை முளைக்கவைத்து நட்டால், நாலில் ஒரு மரம் டூராவாகவும் ஒன்று பிசிஃபெராவாகவும் போய்விடும். அதனால்தான் தோட்டங்கள் ஒவ்வொரு முறையும் நாற்றுக்குக் காசு கொடுக்கின்றன. ஆப்பிரிக்கச் செண்டையும் பிரெஞ்சுச் செண்டையும் சேர்த்து உண்டாக்கிய ரகம் ஒன்று உண்டு, அதற்கு மூன்று தொகுதி குரோமோசோம். அது பூத்துக்கொண்டே இருக்கும், விதை வைக்காது. பெயர் எதுவானாலும் செண்டு முதலில் மெக்சிகோ பக்கத்துச் செடி.

இந்த மகளின் பெரியம்மா வீட்டுச் செண்டின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அத்தனை வருடம் தானாக விழுந்து முளைத்தும் நிறம் மாறவில்லை என்றால், அது நிலைத்துப்போன விதை. பாக்கெட் விதையோடு அதை ஒப்பிட முடியாது.

ஜினியாப்பையன்

சரி சரி, ஒத்துக்குறேன் அங்கிள். செம்பனை வந்ததும் தெரிஞ்சிடுச்சு, முடிவு நெருங்கிடுச்சுன்னு. 😅

லயத்துப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நூல் கட்டியாச்சு. பெரியம்மா முறைச்சாங்க, ஆனா விட்டுட்டாங்க. மத்த பூவுக்கும் சொல்லுங்களேன். காசித்தும்பையைத் தொட்டாலே வெடிச்சுச் சிதறுது, எப்படிப் பிடிக்கிறது?

கொண்டைப்பூ

கல்யாண வீட்டுல மிட்டாய் போட்டுக் கொடுக்குற வலைப்பை இருக்குல்ல, எல்லார் வீட்டு அலமாரியிலயும் கெடக்குமே, அதை எடுங்க. காய் பருத்து, பச்சை வெளுத்து மஞ்சள் அடிக்கும்போது கொத்தோட உள்ள விட்டு நாடாவை இழுத்துக் கட்டிடுங்க. வெடிச்சா பைக்குள்ளயே வெடிச்சுக்கட்டும்.

கோழிக்கொண்டைக்குப் பூ காயணும்னு காத்திருக்கவே வேணாம். மேல கொண்டை சும்மா பட்டுத் துணியாட்டம் பளபளன்னு இருக்கும்போதே, கீழ்ப்பக்கம் காம்பை ஒட்டி விதை முத்திக் கொட்ட ஆரம்பிச்சிடும். ஒரு நியூஸ்பேப்பரை விரிச்சு, தலையைச் சாய்ச்சுப் பிடிச்சுக் கட்டை விரலால கீழேர்ந்து மேலே தேய்ங்க. கருப்பா, மினுமினுன்னு, பொடிப் பொடியாக் கொட்டும். கூடவே சிவப்புத் தூசும் கொட்டும். டீ வடிகட்டியில போட்டுத் தட்டுனா விதை கீழே, குப்பை மேலே. மிச்சத் தூசை ஊதிடலாம், ஆனா ஃபேனை நிறுத்திட்டு உக்காருங்க. ஒரு கொண்டை போதும், தெருவுக்கே குடுக்கலாம். எறும்பு மட்டும் ஜாக்கிரதை. ராத்திரி தரையில விட்டீங்கன்னா காலையில வெறும் பேப்பர்தான் இருக்கும். தட்டைத் தண்ணிக் கிண்ணத்துக்கு நடுவுல வைங்க.

வாடாமல்லிதான் ஏமாத்தும். பேருக்கேத்த மாதிரி வாடவே வாடாது, எப்ப முத்துச்சுன்னு தெரியாது. பூவைப் பார்க்காதீங்க, பூவுக்குக் கீழ காம்பைப் பாருங்க. அது பழுத்துக் காஞ்சிருந்தா பறிச்சிடலாம். இதழை உருவுனா பஞ்சுக்குள்ள விதை இருக்கும், பஞ்சோடயே வைங்க, பஞ்சோடயே விதைங்க.

லூனாஸ்காரன்

சங்குப்பூவை விட்டுட்டீங்க. என் மச்சான் கோத்தா பாருல இருக்கான், அங்க நாசி கெராபுங்குற நீலச் சோத்துக்கு இந்தப் பூவைத்தான் போடுறாங்க. அவன் குடுத்த விதை ஒரு மாசமா மண்ணுக்குள்ள அப்படியே கெடக்கு.

பழைய கிராணியார்

தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகவில்லை. தோண்டி எடுத்து, கண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் போடுங்கள். பருத்ததை மட்டும் நடுங்கள், பருக்காததை மறுபடி தேயுங்கள். விதை எடுக்கும்போது காய் முழுக்கப் பழுப்பாகி உள்ளே கலகலக்க வேண்டும், ஆனால் வெடிப்பதற்கு முன் பறித்துவிட வேண்டும். சங்குப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். அதனால் பக்கத்து வீட்டு வெள்ளைச் சங்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

லயத்துப்பொண்ணு

அந்திமந்தாரையும் ரெண்டு செடி இருக்கு, விதை தானா கீழே விழுது, பொறுக்கிட்டேன்.

கொண்டைப்பூ

அது மிளகு மாதிரியே இருக்கும், அடுப்படியில மட்டும் வச்சுடாதீங்க. விஷம். போத்தல்ல பெரிய எழுத்துல பேர் எழுதுங்க.

விதைநெல்

ஒரு சந்தேகம். அங்கே ஆடிப்பட்டம் கிடையாதா? எப்போது விதைக்கிறீர்கள்?

பழைய கிராணியார்

பட்டம் என்று பெயர் சொல்லி யாரும் பார்ப்பதில்லை, தீபாவளியை வைத்துப் பின்னோக்கி எண்ணுவோம். செண்டுக்கு விதைத்ததிலிருந்து பூவுக்கு இரண்டு மாதம், இரண்டரை மாதம். எண்ணிப் பார்த்தால் ஆடியில்தான் வந்து நிற்கும், அதுவரை உங்கள் கணக்குதான். ஆனால் பேராக்கில் அக்டோபர், நவம்பர் நல்ல மழை. மாலைக்குப் பூ கிடைக்கும், விதைக்கு அந்தப் பூ ஆகாது. விதைக்கென்று தனியாகப் போடுவதாக இருந்தால் மார்ச் கடைசியில் போட்டு, ஜூன் ஜூலையில் மழை குறைந்திருக்கும்போது விதை எடுக்க வேண்டும். அல்லது நவம்பரில் போட்டு, தைப்பூசம் கழித்து பிப்ரவரியில் எடுக்கலாம். வழிபாட்டுக்கு ஒரு பாத்தி, விதைக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. இந்த மகளுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் இந்த முறை அடுப்படிக் கயிறுதான்.

லயத்துப்பொண்ணு

கயிறு கட்டியாச்சு அங்கிள். மாமாவுக்குத் தலை முட்டுதாம், ஒரே புகார். முதல்ல தொங்கவிட்டது நேத்து பிரிச்சேன். சிலது உள்ள சாம்பல் நிறத்துல பூஞ்சை, அதைத் தூக்கிப் போட்டுட்டேன். மிச்சத்துல பாதிக்கு மேல கருப்பு விதை. அரிசி வறுத்து ஊறுகாய்ப் போத்தல்ல போட்டு வச்சிருக்கேன். முளைக்குமான்னு இப்பவே தெரிஞ்சுக்க முடியுமா?

பழைய கிராணியார்

காய்ந்தபின் பத்து விதையை எண்ணி ஈர டிஷ்யூவில் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஒரு வாரத்துக்குள் ஏழு எட்டு முளைத்தால் தைரியமாக ஐஸ்பெட்டியில் வைக்கலாம். மூன்று நான்குதான் என்றால் இன்னும் நிறையப் பூ சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ்பெட்டியிலிருந்து எப்போது வெளியே எடுத்தாலும் உடனே திறக்காதீர்கள். போத்தல் அறைச் சூட்டுக்கு வரட்டும், அரை நாள் ஆனாலும் பரவாயில்லை. குளிர்ந்த விதையின் மேல் நம் காற்று பட்டால் வியர்த்துவிடும், இத்தனை நாள் காயவைத்ததும் வீண். ஒரே போத்தலில் எல்லாவற்றையும் வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒன்றை வேறு வீட்டு ஐஸ்பெட்டியில் கொடுத்து வையுங்கள்.

ஜினியாப்பையன்

எங்க வீட்டு ஐஸ்பெட்டியில இடம் இருக்கு. அம்மா சம்பால் டப்பாவை நகர்த்த விடமாட்டாங்க, மத்தபடி ஓகே. அக்கா, எனக்கும் கொஞ்சம் விதை கிடைக்குமா?

கொண்டைப்பூ

பாக்கெட்டு வாங்கிக்கோங்கன்னு சொன்ன ஆள்தானே நீ? 😄

தங்கச்சி, என்கிட்ட வெள்ளை வாடாமல்லி இருக்கு, வேணும்னா தர்றேன். பதிலுக்கு உங்க செங்காவிச் செண்டு இருபது விதை போதும். தபால்ல அனுப்புனா உறைக்குள்ள ரெண்டு பக்கமும் அட்டை வைங்க. ஒருத்தர் வெறும் உறையில அனுப்பி, விதையெல்லாம் நசுங்கித் தூளா வந்துச்சு. விலாசம், போன் நம்பர் எதையும் இங்க போடாதீங்க, தனிச்செய்தியில அனுப்புங்க.

லயத்துப்பொண்ணு

வெள்ளையா! பெரியம்மா கேட்டா துள்ளுவாங்க அக்கா. முளைப்புப் பார்த்துட்டு அடுத்த வாரமே அனுப்புறேன். தம்பிக்கும் ஒரு போத்தல் உண்டு, ஆனா அதுல பாதி எங்களோடது, நடுவுல எடுத்துப் போட்டுடக் கூடாது.